குற்றாலமும் சூடாகும் கடலும்

கேள்வி: மே மாதத்திலேயே குற்றாலத்தில் வெள்ளம் வருகிறதே, சீசன் மாறிவிட்டதா?
– வாசகர், தென்காசி

பதில்: சீசன் வேறு, வெள்ளம் வேறு. ஜூனில் தென்மேற்குக் காற்று கேரளத்தில் கொட்டியது போக, ஆரியங்காவு கணவாய் வழியே வரும் மிச்சம்தான் நம் சாரல். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனைப் பலிகொண்டது பருவத்துக்கு முந்தைய மழை. கீழே தூறல்கூட இல்லாதபோதும் மலைமேல் கொட்டலாம்.

புனே வானிலை ஆய்வாளர் ராக்ஸி மேத்யூ கோல் குழுவின் கணக்குப்படி, 1950–2020இல் இந்தியப் பெருங்கடல் நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி வேகத்தில் சூடேறியது. கடலோடு அதன் மேலுள்ள காற்றும் சூடாகிறது; காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். ஒரே மூச்சில் கொட்டும் மழைக்கு அதுவே தீனி. ஆனால் அந்த ஒரு வெள்ளத்தை முழுக்கக் கடல் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. எதுவானாலும், அருவியில் குளிக்கும்போது காவலர் விசிலடித்தால், எண்ணெய்த் தலையோடாவது வெளியேறிவிடுங்கள்.