பெருவிரலில் மை

அன்பு மகள் மலர்விழிக்கு,

இனவெறி எல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு விவகாரம், உன் ஊர் வீரசோழனில் ஏது என்று கேட்டிருந்தாய்.

தென்னாப்பிரிக்காவையே எடுத்துக்கொள். டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் விரல் ரேகை பதிந்தே ஆகவேண்டும் என்று 1907-ல் சட்டம் வந்தது. மறுத்துச் சிறை போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறையில் காய்ச்சல் கண்டு, 1914-ல் பதினாறு வயதில் இறந்தார். அது இனவெறி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதே வருஷங்களில் இங்கேயும் ரேகை எடுத்தார்கள்.

1871-ல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஒரு கூட்டத்தையே பிறவித் திருடர் என்று எழுதிவைக்கும் சட்டம். அக்கால ஆராய்ச்சியும் அதற்கு ஒத்து ஊதியது: எழும்பூர் மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மண்டையையும் மூக்கையும் அளந்தவர். இந்தச் சட்டத்தில் பதிவானவர் வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி போலீஸ் கண்ணில் படும்படி படுக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை என்பார்கள் பெரியவர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு உயிர் போயிற்று. அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பிறகு கமுதிப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மேலும் சட்டம் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். 1947-ல்தான் மாகாணம் அதைக் கைவிட்டது.

இங்கேயே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 1930 டிசம்பரில், உன் ஊரும் சேர்ந்திருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். நகை கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. மறு வருஷம் பதினோரு தடை. அதில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக் கூடாது. பிறப்பை வைத்து மனிதரை எடைபோடும் தராசை அரசாங்கத்திடம் எதிர்த்த கைகளிலேயே, கீழே இருப்பவனுக்கென்று இன்னொரு தராசு இருந்தது.

அந்தத் தராசு இன்னும் பரணுக்குப் போகவில்லை. 2023-ல் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது.

உன் வகுப்பில் எத்தனை நிறத்துக் கயிறு இருக்கிறது? எண்ணிப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா