வில்லும் அச்சும்

வண்டி என்றதும் நம் கண்ணில் படுவது சக்கரம்தான். சக்கரத்தைத் தாங்கும் அச்சையும், அச்சின்மேல் வண்டியைத் தாங்கும் வில்லையும் நாம் நினைப்பதில்லை. அக்காலத்தில் பாரம் ஏற்றும் மாட்டு வண்டிக்கு வில் கிடையாது. மனிதர் குலுங்காமல் செல்வதற்கென்றே வில் வண்டி இருந்தது. அந்த வில்தான் இன்று ஜீப்பிலும் லாரியிலும் கமான் பட்டை என்ற பெயரில் இருக்கிறது. பழைய ஜீப்பின் வில்லையும் அச்சையும் வலுப்படுத்தும்போது கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மலையேறும் ஜீப்

இரண்டாம் உலகப் போருக்காக 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வில்லிஸ் ஜீப் பெருமளவில் செய்யப்பட்டது. 1945இல் தொடங்கிய நம் நாட்டு மகிந்திரா நிறுவனம் பின்னர் அதை இங்கேயே தயாரித்தது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என ஏறும் நம் மாவட்டத்து மலைப்பாதைக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் இத்தகைய வண்டியே ஏற்றது. ஆனால் ஆண்டுகள் பல ஆனால் வில் படிந்துவிடும், அச்சும் தேய்ந்துவிடும்.

வில்லை வலுப்படுத்துதல்

கமான் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, யு போல்ட்டால் அச்சோடு இறுக்கப்பட்டவை. பட்டையின் தடிமன் இரு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே, 'கனமான பட்டை போட்டால் நல்லது' என்று எண்ணுவது தவறு. விறைத்த வில் வளையாது; கல்லில் ஏறும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். மண்ணைத் தொடாத சக்கரம் எப்படி இழுக்கும்? மேலும், வில் வாங்காத அதிர்ச்சியை அச்சும் சட்டமும்தான் வாங்க வேண்டும். படிந்த பட்டைகளை மாற்றுவதும், தேய்ந்த புஷ்களையும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சர்பர்களையும் புதுப்பிப்பதுமே முதல் வேலை.

உயர்த்தினால் என்ன ஆகும்?

உயரமான வில் வண்டியின் உடலை மட்டுமே தூக்கும், அச்சைத் தூக்காது. அச்சு உயரப் பெரிய டயர் வேண்டும். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால், தரையில் தள்ளும் விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். பிரேக்கின் பிடியும் அவ்வாறே குறையும். புவியீர்ப்பு மையம் உயர்வதால் சரிவில் வண்டி கவிழும் அபாயமும் கூடும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும்.

அச்சை வலுப்படுத்துதல்

பழைய ஜீப்புகள் பலவற்றில் பின் ஆக்சில் ஷாப்ட் இரு வேலைகளைச் செய்கிறது. சக்கரத்தைச் சுழற்றுகிறது, வண்டியின் எடையையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். எடையை வெளிக்குழாய் தாங்க, ஷாப்ட் சுழற்றுவதை மட்டும் செய்யும் அமைப்பே பாதுகாப்பானது. அதில் ஷாப்ட் முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்.

பழைய சிவிலியன் ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுன் வீலுக்கு 43 பற்கள். பினியன் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இந்த விகிதத்தை மாற்றுவதானால் முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லையேல் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துப் பற்களை உடைத்துவிடும்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

தோழியரே! மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். ஓர் உறுப்பை மட்டும் வலுவாக்கினால் பாரம் அடுத்த உறுப்பின் தலையில் விழும். வில், அச்சு, டயர், பிரேக் நான்கும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும் வண்டியே, தன்னை நம்பி ஏறியவர்களைப் பத்திரமாக மலையிலிருந்து இறக்கிவிடும்.