அறுவைக்குப் பின் மார்பில் கசியும் குடற்பால்

ஊரிலிருந்து இதய அறுவைக்காகத் தம்பானூரில் வந்து இறங்கும் உறவினரை மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நம் குடும்பங்களுக்குப் பழகிய வேலை. 1976-இல் சிகிச்சை தொடங்கிய அந்நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. நோயாளிக்குத் துணையிருப்போர் அறிய வேண்டிய ஒன்றை இங்கு பார்ப்போம்.

நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி குடலிலிருந்து நேராக இரத்தத்தில் சேர்வதில்லை. நிணநீரில் கலந்து பால்போல் வெளுத்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறும் குழாய் வழியே இடது கழுத்தடியிலுள்ள சிரையை அடைகிறது. இதற்குக் குடற்பால் என்று பெயர். மார்பு அறுவையில், சிறப்பாகக் குழந்தைகளின் இதய அறுவையில், அபூர்வமாக அக்குழாய் காயப்படலாம். அப்போது குடற்பால் நுரையீரலைச் சுற்றித் தேங்கும். மூச்சு முட்டும். புரதமும் வெள்ளணுக்களும் வீணாவதால் உடல் இளைக்கும். தொற்றும் எளிதில் பற்றும்.

பட்டினியாக இருக்கும்போது கசிவு தெளிவாகவே தோன்றலாம். உணவு தொடங்கியபின் வெளுக்கும். அத்திரவத்தில் டிரைகிளிசரைடு 100 மில்லிக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஐயமில்லை.

முதலில் குழாய் வைத்துத் திரவத்தை வடிப்பார்கள். பின்பு கொழுப்பில்லா உணவு, அல்லது வாய்வழி உணவை நிறுத்திச் சிரைவழி ஊட்டம். ஆக்ட்ரியோடைடு மருந்தும் சிலருக்கு உதவும். பலருக்கு இவற்றாலேயே கசிவு நின்றுவிடும். நிற்காவிடில், உதரவிதானத்துக்குச் சற்று மேலே குழாயைக் கட்டிவிடுவர். 1948-இல் லாம்ப்சன் இதில் வெற்றி கண்டார். 1990-களில் கான்ஸ்டன்டின் கோப், மார்பைத் திறக்காமல் ஊசிவழியே குழாயை அடைக்கும் முறையை உருவாக்கினார். பிரதான குழாயை மூடினாலும் கிளைக் குழாய்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

நம் கவனம் உணவில் இருக்க வேண்டும். பாசத்தோடு ஒரு கரண்டி நெய் ஊற்றினால்கூடக் கசிவு பெருகலாம். மருத்துவர் தரும் எம்.சி.டி. எண்ணெயின் கொழுப்பு பெரும்பாலும் நேராக இரத்தத்தில் சேரும். அது தேங்காயெண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுவதால், வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும் என எண்ணலாகாது. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அதில் ஒரு பகுதி நிணநீர் வழியேதான் செல்கிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலையும் கொழுப்பு நீக்கித் தர வழியுண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் அவர் சொன்ன நாள்வரை பத்தியம் காக்க வேண்டும். மூச்சிரைப்பு வந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.