ஆட்களைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமா?

4 பேர் செய்யும் வேலையை 8 பேர் செய்தால் பாதி நாளில் முடிந்து விடும் என்றுதான் நினைப்போம். சாப்ட்வேர் துறையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து கொள்ளுங்கள். குழுவில் உள்ளவர்களின் எண்ணிக்கையை, அதைவிட ஒன்று குறைவான எண்ணால் பெருக்குங்கள். இருவர் பேசிக் கொள்வது ஒரே தொடர்பு என்பதால் விடையை 2ஆல் வகுங்கள். 4 பேருக்கு 6 தொடர்புகள். 8 பேருக்கு 28! ஆட்கள் இரண்டு மடங்கு. தொடர்புகளோ நான்கு மடங்குக்கும் மேல்.

1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 ஆபரேட்டிங் சிஸ்டம் பணியை நிர்வகித்தவர் பிரெடரிக் புரூக்ஸ். அந்தப் பணி தாமதமானது. தாமதமான சாப்ட்வேர் பணியில் புது ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975ல் வெளியான தன் நூலில் அவர் எழுதினார்.

எங்கள் புராஜெக்டிலும் இதுதான் நடந்தது. 4 பேர் இருந்தோம். தேதி நெருங்கியதும் மேலும் 4 பேரைச் சேர்த்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பகல் போனது. புரோகிராம் எழுதியது இரவில்தான். பிறகு இரண்டு குழுக்களாகப் பிரிந்தோம். குழுவுக்கு ஒருவர் மட்டும் அடுத்த குழுவுடன் பேசினார். 6+6+1, மொத்தம் 13 தொடர்புகள். அதன் பிறகே வேலை நகர்ந்தது.

நண்பர்களுடன் சேர்ந்து ஆண்டு மலர் டைப் செய்வதானாலும் சரி, யார் எதைச் செய்வது, யாரிடம் கேட்பது என்பதை முதலில் முடிவு செய்து விடுங்கள்.