பழைய படக்காட்சிச் சர்வர்களில் மென்பொருள் புதுப்பித்தல்

நம் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தபொழுது, தமிழ்ப் பேசும்படம் தோன்றி ஆறாண்டுகளே ஆகியிருந்தன. அன்றும், அதற்குப் பின் நெடுங்காலமும், படக்கொட்டகைக்குப் படமானது தகரப் பெட்டியில் அடங்கிய பிலிம் சுருளாகவே வந்தது. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றிற்குச் சுமார் 13,500 அடி பிலிம் வேண்டும். அஃது அறுமாயின் ஆபரேட்டர் கண்ணாற் கண்டு, கையால் ஒட்டி, சில நிமிஷங்களிற் காட்சியைத் தொடர்ந்துவிடுவார். இன்று தாம்பரத்திலோ, குரோம்பேட்டையிலோ, வேளச்சேரியிலோ எக்கொட்டகைக்குச் சென்றாலும் அச்சுருள் இல்லை. அதனிடத்தைச் சர்வர் எனப்படும் கணிப்பொறி கொண்டுவிட்டது. பழுது நேர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை, திரை இருண்டு கிடக்கும், அவ்வளவே.

இம்மாற்றத்தில் சென்னைக்குத் தனிப் பங்கு உண்டு. செந்தில் குமார், ஜெயேந்திரா ஆகிய இருவரும் 1986இல் இந்நகரில் நிறுவிய ரியல் இமேஜ் நிறுவனமே, பின்னர்க் க்யூப் என்னும் பெயரால் டிஜிட்டல் படக்காட்சி முறையை நாடெங்கும் பரப்பியது. அவ்வாறு முதலில் வந்த யந்திரங்களும், அயல்நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட டோரமி முதலிய சர்வர்களும் இன்று முதுமை எய்திவிட்டன. புதியது வாங்கப் பெரும்பொருள் வேண்டும். இக்காட்சி முறைக்குரிய கட்டணத்தை யார் ஏற்பது என்னும் வழக்கினால், 2018ஆம் ஆண்டு மார்ச்சு முதல் ஏப்பிரல் வரை தமிழ்ப் படங்கள் வெளிவராது நின்றமை அன்பர் பலர்க்கும் நினைவிருக்கும். ஒற்றைத் திரையையே நம்பி வாழும் கொட்டகைக்காரர் பழைய சர்வரை எவ்வாறேனும் ஓட்டவே விரும்புவர். அத்தகைய யந்திரத்தில், அப்டேட் என வழங்கும் மென்பொருட் புதுப்பித்தலைச் செய்து, அது பாதியில் நின்றுவிடுமாயின், வெள்ளிக்கிழமை முதற் காட்சி கெடும். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். வாயிலில் நிற்கும் கூட்டத்திற்கு மறுமொழி கூறும் கடன் ஏழை ஆபரேட்டர் தலையில் விழும். ஆதலின் இதற்குரிய முறையை ஒழுங்குபட ஆராய்வது பயனுடைத்தென்று கருதுகின்றோம்.

1. சர்வரின் உறுப்புகள்

அமெரிக்கப் படக் கம்பெனிகள் 2002இற் கூடித் தொடங்கிய டி.சி.ஐ. என்னும் அமைப்பு, 2005 ஜூலையில் தன் விதிகளை வெளியிட்டது. அவ்விதிப்படி படத்தின் ஒவ்வொரு சட்டமும் ஜே.பெக். 2000 என்னும் முறையாற் சுருக்கப்பட்டு, நொடிக்கு 24 வீதம், நொடியொன்றுக்கு 250 மெகாபிட்டுக்கு மேற்படாமல் ஓடும். இங்ஙனம் அமைந்த படத் தொகுதி டி.சி.பி. எனப்படும், அது நூறு, இருநூறு ஜிகாபைட் அளவினதாதல் உண்டு.

இதனை ஏற்கும் சர்வரில் நால்வகை உறுப்புகளைக் காணலாம். முதலாவது, படத்தைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்குகளின் அணி. இரண்டாவது, யந்திரத்தை நடத்தும் மென்பொருள். பல சர்வர்களில் இது லினக்ஸின் மேல் அமைந்தது. மூன்றாவது, பூட்டிய படத்தைத் திறந்து படமும் ஒலியுமாக்கித் தரும் மீடியா பிளாக். நான்காவது, அம்மீடியா பிளாக்கினுள் அடங்கிய காப்புக் கடிகாரமும், அந்த யந்திரத்திற்கே உரிய சான்றிதழும். இந்நான்கும் தம்முள் ஒத்திருந்தாலன்றிப் படம் ஓடாது. புதுப்பித்தல் என்பது இரண்டாவதனை மாற்றுவது. ஆனால் அதனால் எழும் குழப்பம் ஏனைய மூன்றிலும் வெளிப்படும். இதனை மனத்திற் கொண்டால் ஆராய்ச்சி எளிதாகும்.

2. புதுப்பித்தல் எப்பொழுது வேண்டும்

நோய் இன்னதென்று தெரியாமல் மருந்துண்பார் உளர். அவர்போலக் காரணமின்றிப் புதுப்பிப்பாரும் உளர். நன்றாக ஓடும் பழைய சர்வரை, புதிய பதிப்பு வந்ததென்ற ஒன்றே பற்றித் தொடலாகாது. வேண்டும் காரணங்கள் சில உண்டு. முன்னாளில் இன்டராப் என்னும் வகையில் வந்த டி.சி.பி.க்கள் இப்பொழுது எஸ்.எம்.பி.டி.இ. வகையில் மிகுதியும் வருகின்றன. பழைய மென்பொருள் இவ்வகையின் அடியெழுத்துகளைக் காட்டாமலோ, படத்தையே ஏலாமலோ போகலாம். புதிய புரொஜெக்டர் இணைக்கப்பட்டாலும், உற்பத்தியாளர் பாதுகாப்புக் குறை ஒன்றைச் சுட்டினாலும் புதுப்பித்தல் தகும். ஆனால் முதிய மாதிரிகளுக்குப் புதிய பதிப்பு வருவது ஒரு காலத்தில் நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது. டோரமி நிறுவனத்தையே 2014இல் டோல்பி வாங்கிக்கொண்டது. இவ்வாறு கைமாறும்பொழுது இறுதியாக வந்த பதிப்பு எது, அதற்குரிய குறிப்பு எங்கே என்பனவற்றைக் கொட்டகையார் தாமே பாதுகாத்தல் வேண்டும்.

3. தொடங்குமுன் செய்யத்தக்கன

முதலில், இப்பொழுதுள்ள மென்பொருள், மீடியா பிளாக், புரொஜெக்டர் ஆகியவற்றின் பதிப்பு எண்களைத் தாளில் எழுதுக. ஐ.பி. முகவரிகள், ஒலி வழிகள், விளக்கையும் திரையையும் இயக்கும் ஏவல்கள் ஆகியவற்றையும் எழுதுக அல்லது படம் பிடித்து வைக்க. அமைப்புகளைப் பென் டிரைவில் நகலெடுக்க இடமிருந்தால் எடுத்துவைக்க.

இரண்டாவது, ஹார்ட் டிஸ்க் அணி நலமாக உள்ளதா எனப் பார்க்க. பல சர்வர்களில் டிஸ்க்குகள் ரெய்டு 5 என்னும் முறையில் இணைந்திருக்கும். அவற்றுள் ஒன்று கெட்டாலும் படம் ஓடும், இரண்டு கெட்டால் யாவும் போம். ஒன்று முன்னரே கெட்டிருக்கும் நிலையிற் புதுப்பிப்பது ஆபத்து.

மூன்றாவது, உற்பத்தியாளர் குறிப்பை முழுதும் படிக்க. மிகப் பழைய பதிப்பிலிருந்து மிகப் புதியதற்கு ஒரே தாவலாகச் செல்ல இயலாது, இடைப்பட்ட பதிப்புகளை வரிசையாக ஏற்றவேண்டும் என்று அதில் விதித்திருக்கலாம்.

நான்காவது, பென் டிரைவைக் கவனிக்க. பழைய லினக்ஸ் சர்வர்கள் எக்ஸ்ஃபாட் முறையில் அமைந்ததை அறியா. ஃபாட் 32 முறையில் அமைந்ததையே பெரும்பாலும் ஏற்கும். படம் வரும் டிஸ்க்குகளுக்கும் இத்தகைய வரையறை உண்டு. அவை எக்ஸ்ட் 2 அல்லது எக்ஸ்ட் 3 முறையில், ஐநோடு அளவு 128 பைட்டாக இருக்கவேண்டுமென வகுத்ததற்குக் காரணம், பழைய சர்வர் சில வேறு அளவைப் படிக்கமாட்டாமையே. யந்திரம் டிஸ்க்கைக் காணாதபொழுது டிஸ்க் கெட்டதென முடிவு செய்யுமுன் இதனை எண்ணுக.

ஐந்தாவது, யு.பி.எஸ்.ஸின் பாட்டரி நலமாயிருத்தல் வேண்டும். கோடையில் மின்சாரம் தடைப்படும் புறநகரில் இது சிறு செய்தியன்று. மீடியா பிளாக்கின் மென்பொருள் எழுதப்படும்பொழுது மின்சாரம் நின்றால், அவ்வுறுப்பே பயனற்றுப் போகலாம். திரை அசையாமல் பல நிமிஷம் நின்றாலும் பொறுத்திருக்க. பொறுமையிழந்து பொத்தானை அழுத்தற்க. வியாழன் மாலை இவ்வேலை கூடாது. காட்சி குறைந்த திங்களோ செவ்வாயோ, கடைசி ஆட்டம் முடிந்தபின் தொடங்குவதே முறை.

4. பின்னர்ப் பழுது தோன்றினால்

ஈண்டு நாம் வற்புறுத்துவது ஒன்றே. அஃதாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியபின் சோதிக்க, சோதித்ததை எழுதுக. மூன்றை ஒருங்கே மாற்றியவர், பழுது நீங்கினும் நீங்கிய காரணத்தை அறியார். மறுமுறை அதே இருளில் நிற்பர்.

சோதனைக்கு இரு படத்துணுக்குகள் போதும்: பூட்டில்லாத முன்னோட்டம் ஒன்று, பூட்டியது ஒன்று. இரண்டும் ஓடாவிடின் குற்றம் டிஸ்க்கிலோ, மென்பொருளிலோ, புரொஜெக்டர் இணைப்பிலோ உள்ளது. முன்னது ஓடிப் பின்னது ஓடாவிடின் குற்றம் சாவியைப் பற்றியது.

சாவியைச் சிறிது விளக்குவோம். படம் ஏ.இ.எஸ். முறையில் 128 பிட் சாவியாற் பூட்டப்பட்டிருக்கும். அச்சாவி, கே.டி.எம். என்னும் சிறு கோப்பில், குறித்த ஒரு சர்வரின் சான்றிதழுக்கு மட்டுமே திறக்கும்படி வரும். எந்நாள் எந்நேரம் முதல் எதுவரை செல்லும் என்பதும் அதில் இருக்கும். ஆதலால் மூன்று கேள்விகள் கேட்க. இஃது இந்த யந்திரத்திற்கு வந்த சாவிதானா? மீடியா பிளாக் மாற்றப்பட்டிருந்தால் சான்றிதழும் மாறியிருக்கும். பழைய சாவிகள் செல்லா. புதிய சான்றிதழை விநியோகஸ்தருக்கு அனுப்பவேண்டும். நேரம் சரியா? கே.டி.எம்.மில் நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கலாம். நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. வெள்ளிக்கிழமை 0 மணி முதல் என அங்ஙனம் எழுதியிருப்பின், இங்கே காலை 5.30க்கே திறக்கும். கடிகாரம் சரியா? காப்புக் கடிகாரத்தை ஆண்டொன்றுக்கு ஆறு நிமிஷத்திற்கு மேல் முன்னோ பின்னோ நகர்த்த டி.சி.ஐ. விதி இடந்தராது. அதற்கு மேற்பட்ட பிழையை ஆபரேட்டர் திருத்த இயலாது. அன்றியும் பல மீடியா பிளாக்குகளில் கடிகாரத்தையும் இரகசியச் சாவியையும் சிறு பாட்டரி ஒன்றே காத்து நிற்கின்றது. அது தீர்ந்தால் சாவி அழியும். யந்திரம் உற்பத்தியாளரிடமே செல்லவேண்டும். பழைய சர்வர்க்கு மென்பொருளினும் இப்பாட்டரியே முதற் கவலையாதல் தகும்.

சர்வர் ஓடுவதாகக் காட்டியும் திரையிற் படம் இல்லையாயின், இணைப்பை நோக்குக. முதற் காலத்துச் சர்வர்கள் எச்.டி.-எஸ்.டி.ஐ. கம்பிகள் இரண்டின் வழியே, பூட்டிய நிலையில், புரொஜெக்டருக்குப் படத்தை அனுப்பும். பின் வந்தவற்றில் மீடியா பிளாக் புரொஜெக்டரினுள்ளேயே பொருத்தப்பட்டு, இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கொண்டிருக்கும். புதுப்பித்தலுக்காகக் கதவைத் திறந்திருந்தால், பாதுகாப்பு முறை அதனை அத்துமீறலாகக் கொண்டு, உரிமையுடையவர் வந்து இணைப்பை மீண்டும் உறுதி செய்யும்வரை படத்தைத் தடுக்கும். இது பழுதன்று; காவல்.

படம் தெரிந்து ஒலி இல்லையாயினும், விளக்குகள் அணையாவிடினும், அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியுள்ளன என்று கொள்க. முன்னர் எழுதிவைத்த தாள் இங்கே உதவும். படம் இடையிடையே திக்கினால் ரெய்டு அணியை மீண்டும் பார்க்க. இவற்றுள் ஒன்றும் பொருந்தாவிடின், லாக் எனப்படும் பதிவேட்டை வெளியே எடுத்து, புதுப்பித்த நேரத்திற்குப்பின் தோன்றிய முதற் பிழையைக் காண்க. அதற்குப் பின் வரும் நூறு பிழைகள் பெரும்பாலும் அம்முதலின் மக்களே.

5. முடிவுரை

இம்முறை படக்கொட்டகைக்கு மட்டும் உரியதன்று. நம் ஆய்வுக்கூடங்களில் மாணவர் கற்கும் முறையும் இதுவே. முன்னாள் ஆபரேட்டரின் அறிவு அவர் விரல் நுனியில் இருந்தது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் உடன் சென்றது. இன்றைய சர்வரின் அறிவோ எழுத்தில் நிற்பது. பதிப்பு எண், நாள், செய்த மாற்றம், கண்ட பயன் ஆகிய நான்கையும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று யந்திரத்தின் அருகே தொங்குமாயின், நள்ளிரவில் தனியே நிற்கும் ஆபரேட்டர்க்கு அது பெருந்துணையாகும். மின்னணுவியலும் கணிப்பொறியியலும் பயிலும் நம் மாணவர், அடுத்த முறை படம் பார்க்கச் செல்லுங்கால், தம் தலைக்குப் பின்னே ஒளி வரும் அச்சிறு சன்னலையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக. அங்கிருப்பவர்க்கு உதவ அவர்கள் கற்ற கல்வி போதியது.