மாமாவும் மருந்துத் துண்டும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மருந்தாளராக ஆசை. "டொக்டராக முடியாதவர்களின் வேலை அது" என்கிறார் மாமா. சரியா?
– மாணவி, தெல்தெனிய

பதில்: மாமா சேனக பிபிலேயைக் கேள்விப்படவில்லை போலும். பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி. டொக்டர்தான், ஆனால் பெயர் நிலைத்தது மருந்தால். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். கம்பனி வைத்த பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரைப் பார்த்து மலிவாக வாங்கச் செய்தார். ஒசுசல பாமசிகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவைதான்.

மருந்தாளராகப் பேராதனையிலேயே 4 வருடப் பட்டப்படிப்பு உண்டு, உங்களுக்குப் பக்கம்.

தோட்டத்து ஆச்சி ஒருவர் குளிசைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள சிங்களமும் ஆங்கிலமும் அவருக்கு வாசிக்க வராது. "சாப்பிட்ட பிறகு ஒன்று, ஆச்சி" என்று தமிழில் சொல்ல பாமசியில் ஆள் வேண்டும். மாமாவின் பிரஷர் குளிசையையும் அப்போது நீங்களே கொடுக்கலாம்.