காந்தாரம் ஒரு கட்டை இறங்கினால்...

மும்பையில் எங்கள் ஞாயிறு இசை வகுப்புக்கு வரும் குழந்தைகளில் பாதிப்பேர் பள்ளியில் கீபோர்டும் கற்கிறார்கள். "மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம்" என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். காதால் கேட்டு அறிந்ததல்ல. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது. அதனால் இந்தப் பாடத்தை நான் விளக்கம் எதுவும் சொல்லாமலேயே தொடங்குகிறேன். வீட்டில் கீபோர்டு உள்ள பெற்றோர் தாங்களும் செய்து பார்க்கலாம். பெரிய சங்கீத ஞானம் வேண்டியதில்லை.

'சி' கட்டையை ஸட்ஜமாக வைத்துப் பிறந்தநாள் பாட்டை வாசியுங்கள். குழந்தைகள் கூடவே பாடுவார்கள். மறுமுறை காந்தாரம், தைவதம் இரண்டு சுரங்களை மட்டும் இடப்பக்கக் கறுப்புக் கட்டைக்கு இறக்கி வாசியுங்கள். முதலில் சிரிப்பார்கள். இன்னொரு முறை வாசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். "கேக் கீழே விழுந்துடுச்சு" என்றான் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது!

பிறகு கட்டைகளை எண்ணச் சொல்வேன். ஸட்ஜத்தை விட்டுவிட்டு, கறுப்பையும் சேர்த்து எண்ணினால் நான்காவது கட்டை அந்தர காந்தாரம், மூன்றாவது கட்டை சாதாரண காந்தாரம். ஸ-க-ப மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது, எந்தக் காந்தாரம் என்பதைப் பொறுத்து அது மேஜர் அல்லது மைனர் ஆகிறது. மேஜர் வரிசைதான் நமது 29-வது மேளமாகிய தீரசங்கராபரணம், இந்துஸ்தானியில் பிலாவல். மைனரின் இயல்பான வரிசை 20-வது மேளமாகிய நடபைரவி, அங்கே ஆசாவரி. வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'சி'யிலிருந்து வாசித்தால் சங்கராபரணம். அதே கட்டைகளை 'ஏ'யிலிருந்து தொடங்கி 'ஏ'யிலேயே முடித்தால் நடபைரவி. நம் பெரியவர்கள் கிரகபேதம் என்றது இதைத்தான்.

இதோடு நிறுத்தினால் பாடம் அரைகுறை. ஏனென்றால் அந்த மனப்பாட விதி நம் ராகங்களில் அப்படியே செல்லாது. மேல்நாட்டு இசையில் பல சுரங்கள் சேர்ந்து ஒலித்து உணர்ச்சியைத் தருகின்றன. நமக்கோ ஒற்றைச் சுரமும் அதன் கமகமும்தான். ஹிந்தோளத்தில் இருப்பது இறங்கிய காந்தாரமே. இங்கே அக்கம்பக்கத்தார் அதை மால்கௌன்ஸ் என்பார்கள். அதைப் பாடியபோது எந்தக் குழந்தையும் சோகம் என்று சொல்லவில்லை. "ராஜா நடந்து வர்ற மாதிரி" என்றார்கள்.

அடுத்து நீலாம்பரியை முணுமுணுத்தேன். அது சங்கராபரணத்தின் ஜன்யம், மேஜர் காந்தாரம். "இது சந்தோஷமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சந்தோஷம் இல்ல ஆன்ட்டி. உதாஸும் இல்ல. பாட்டி ஊருக்குப் போனதும் வீடு இருக்குமே, அந்த மாதிரி."

அவளுக்கு உணர்வு தெரிந்திருந்தது. அதற்கான தமிழ்ச் சொல்தான் தெரியவில்லை. "அதற்குப் பெயர் ஏக்கம்" என்றேன். தமிழ் எழுத வராததால் இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டாள். அன்று முதல் ராகத்தோடு சொல்லும் கற்றுத் தருகிறேன்: ஏக்கம், நிம்மதி, பெருமிதம், தவிப்பு. சந்தோஷம், சோகம் என்ற இரண்டு பெட்டிக்குள் குழந்தையின் மனசு அடங்குமா என்ன?

ஒரு வேண்டுகோள். குழந்தை பதில் சொல்லும் முன் "இது சோகம்தானே?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே மெட்டை வேகமாகவும் நிதானமாகவும் வாசித்துக் காட்டி, அவர்கள் வாயிலிருந்தே வரட்டும் என்று காத்திருங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் அம்மாவின் கைப்பேசியைக் கொண்டுவந்தாள். பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். அதே நீலாம்பரித் தாலாட்டு. சுருதி அங்கங்கே விலகுகிறது. நடுவில் பாட்டி நிறுத்தி, "சாப்டியாடி கண்ணு?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.